கல்லைப் புரட்டியவர் திருப்பி வைக்கட்டும்

பெருநாள் விடுமுறை வந்தாலும் பள்ளிக்கூட விடுமுறை வந்தாலும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது நம் குடும்பங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் இருப்பவர்கள் வேன் பிடித்து மண்டபம், கன்னியாகுமரி என்று போய் வருகிறார்கள். மணற்கரைக்குப் போனவர்கள் அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். பாறைகள் உள்ள கரைக்குப் போனவர்களின் பிள்ளைகளோ, நீர் வற்றிய நேரத்தில் பாறைக் குழிகளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் எளிதில் எழுந்திருக்க மாட்டார்கள். அக்குழிகளில் தேங்கி நிற்கும் முழங்கால் அளவு நீருக்குள் ஓர் உலகமே அடங்கியிருக்கிறது.

வீடு திரும்பும்போது பிள்ளைகளின் கையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டிலோ பிளாஸ்டிக் வாளியோ இருக்கும். அதற்குள் ஒரு குட்டி நண்டு, விரல் நீளத்தில் இரண்டு மீன்கள், ஒரு நட்சத்திர மீன். மஃரிபு வரை அவை அசைந்து கொண்டிருக்கும். இஷாவுக்குப் பிறகு அசைவு குறையும். காலையில் நாற்றம் தாங்காமல் உம்மா அதைச் சாக்கடையில் கொட்டுவார்கள். பிள்ளை சற்று நேரம் அழும், பிறகு மறந்துவிடும்.

"இதில் என்ன குற்றம்? கடலில் இல்லாத நண்டா? நாம் நாள்தோறும் மீன் தின்னவில்லையா? பிள்ளை ஆசைக்கு ஒன்றை எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தட்டிக் கழித்துவிடக் கூடிய கேள்வி அல்ல இது. நம் கையில் அகப்பட்டு, நம்மீது முறையிட வாயில்லாத ஓர் உயிரிடம் நாம் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்ற பெரிய கேள்வி இந்தச் சிறிய பாட்டிலுக்குள் இருக்கிறது.

பிறையும் கடலும்

மாதங்களைப் பிறை பார்த்துக் கணக்கிடும் சமுதாயம் நாம். ஆகவே கடலின் ஏற்றமும் வற்றமும் மற்றவர்களைவிட நமக்கு எளிதில் விளங்க வேண்டும். சந்திரனின் ஈர்ப்பினாலும், அதற்குத் துணையாகச் சூரியனின் ஈர்ப்பினாலும் கடல்நீர் உயர்ந்து தாழ்கிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் செல்லும். எனவே இன்று நீர் வற்றிய நேரத்தைவிட நாளை ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்தி வற்றும். புதுப்பிறை தென்படும் நாட்களிலும், பிறை 14, 15ஐ ஒட்டிய நாட்களிலும் சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதுபோல் அமைவதால் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. பிறை 7, 8ஐ ஒட்டியும், 22, 23ஐ ஒட்டியும் இரண்டுமே குறைவு. சுன்னத்தான நோன்பு நோற்கும் 'அய்யாமுல் பீழ்' நாட்களை அடுத்துத்தான் கடல் நன்றாக உள்வாங்கிப் பாறைகளைக் காட்டுகிறது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

மன்னார் வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேற்றுமை ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அந்தச் சிறிய வேற்றுமையை நம்பி எத்தனையோ உயிர்களை அல்லாஹுத்தஆலா அங்கே வாழ வைத்திருக்கிறான். பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கும் கொட்டலசு, நீர் வற்றியதும் தன் ஓட்டுக் கதவுகளைச் சாத்திக் கொண்டு உள்ளே சிறிது நீரைச் சேமித்து வைத்துக் கொள்கிறது. பூப்போல விரிந்து நிற்கும் கடற்சாமந்தி, தண்ணீர் விலகியதும் தன் இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக் கொண்டு ஒரு சதை உருண்டையாகி விடுகிறது. சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, உடல் வளர வளரப் பழைய ஓட்டை விட்டுவிட்டுப் பெரிய வெற்றோடு ஒன்றைத் தேடி அலைகிறது.

உச்சி வெயிலில் அக்குழி நீர் சூடேறுகிறது; ஆவியாகிக் குறையக் குறைய உப்பு கூடுகிறது; மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு குறைகிறது. மழை பெய்தாலோ உப்பு திடீரென்று குறைந்துவிடும். இவ்வளவையும் தாங்கிக் கொண்டு அடுத்த ஏற்றம் வரும் வரை அவை காத்திருக்கின்றன. பூமியில் உள்ள எந்த உயிரினத்திற்கும் உணவளிப்பது அல்லாஹ்வின் பொறுப்பே என்று சூரா ஹூதில் (11:6) சொல்லப்படுவதன் விளக்கத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு பாறைக் குழியின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

ஆகுமானது வேறு, வீணடிப்பது வேறு

கடலில் உள்ளவற்றை அனுபவிக்க நமக்கு அனுமதி உண்டா? தாராளமாக உண்டு. கடல் வேட்டையும் அதன் உணவும் ஆகுமாக்கப்பட்டிருப்பதை சூரா மாயிதா (5:96) தெரிவிக்கிறது. புத்தம் புதிய மாமிசத்தை உண்பதற்கும் அணிகலன்களை எடுப்பதற்கும் கடல் வசப்படுத்தித் தரப்பட்டிருப்பதை சூரா நஹ்லு (16:14) ஓர் அருட்கொடையாக எடுத்துச் சொல்கிறது. கடல்வாழ் உயிர்களில் மீன் இனம் மட்டுமே உண்ணத்தக்கது என்பது ஹனபி மத்ஹபின் தீர்ப்பு. நீரில் மட்டுமே வாழ்பவை பொதுவாக ஆகும் என்பதும், நண்டு, தவளை போல நீரிலும் நிலத்திலும் வாழ்பவற்றில் தனி விளக்கம் உண்டு என்பதும் ஷாபிஈ மத்ஹபின் வழி. உண்பது பற்றிய இந்த வேறுபாடு இருந்தாலும், கடல் நம் பயனுக்காக வசப்படுத்தப்பட்டது என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

ஆனால் அந்த அனுமதி எதற்காகத் தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உண்பதற்கு, அணிவதற்கு, பிழைப்பதற்கு. வலை வீசும் மீனவர் தம் பிள்ளைகளின் பசிக்காக வீசுகிறார். அவர் பிடித்ததை நாம் உண்டு, பிஸ்மி சொல்லித் தொடங்கி, அல்ஹம்து சொல்லி முடிக்கிறோம். அந்த மீனின் உயிருக்கு ஒரு காரணம் இருக்கிறது. பாட்டிலில் செத்த நண்டின் உயிருக்கு என்ன காரணம் சொல்வது?

ஒரு சிட்டுக்குருவியை வீணாகக் கொன்றவர்மீது அக்குருவி மறுமை நாளில் அல்லாஹ்விடம் முறையிடும் என்றும், எந்தப் பயனுக்காகவும் அல்லாமல் தன்னை அவர் வீணே கொன்றதாக அது சொல்லும் என்றும் கருத்துத் தரும் ஹதீஸ் நஸாயீயில் இடம் பெற்றிருக்கிறது. உயிருள்ள எதையும் அம்பெய்து பழகும் இலக்காக ஆக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உண்ணத்தக்க உயிர் என்பதனால் அது விளையாட்டுப் பொருளாகி விடுவதில்லை என்பது இவற்றிலிருந்து தெளிவாகிறது. அறுத்து உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட ஆட்டைக்கூட வேடிக்கைக்காகத் துன்புறுத்த நமக்கு அனுமதி இல்லை அல்லவா?

அபூ உமைரின் பறவை

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு சின்னப் பறவையை வைத்து விளையாடினார். அது இறந்துவிட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் கனிவோடு அதைப் பற்றி விசாரித்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே, பிள்ளைகள் உயிர்ப் பிராணிகளை வைத்துக் கொள்வது கூடும் என்பதற்கு இது ஆதாரம் ஆகாதா?

ஆகும். ஷாபிஈ மத்ஹபின் இமாம் இப்னுல் காஸ் (வபாத் ஹிஜ்ரி 335) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து ஏறத்தாழ அறுபது பயன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். பறவையைப் பிள்ளைகள் வைத்திருக்கலாம் என்பதும் அறிஞர்கள் இதிலிருந்து எடுத்த சட்டங்களில் ஒன்று. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உணவும் நீரும் கொடுக்க வேண்டும், வதைக்கக் கூடாது. ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவு கொடுக்காமல், அது தானாக இரை தேடித் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காக வேதனைக்கு ஆளானாள் என்ற ஹதீஸை அறியாதவர் நம்மில் யார்? அவள் அடித்துக் கொல்லவில்லை, அறுத்துக் கொல்லவில்லை. அடைத்து வைத்தாள், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலைப் பாட்டிலுக்கு வைத்துப் பார்ப்போம். கூட்டுப் பறவைக்குத் தினை போடலாம், தண்ணீர் வைக்கலாம். பாட்டிலில் அடைத்த கடல் உயிருக்கு நம்மால் எதைக் கொடுக்க முடியும்? அதற்கு வேண்டியது ஓயாமல் மாறிக் கொண்டிருக்கும் கடல்நீர். பாட்டில் நீரில் உள்ள பிராணவாயு சில மணி நேரத்தில் குறைந்துவிடும், நீரும் சூடேறிவிடும். அதன் உணவும் அந்தக் கடலில்தான் இருக்கிறது. ஆக, அபூ உமைரின் பறவைக்கு இருந்த அனுமதி இங்கே பொருந்துவதற்கு வழியே இல்லை. அடைத்தவரால் உணவும் தர முடியாது. மூச்சும் தர முடியாது. இது பூனையை அடைத்த பெண்ணின் செயலுக்கு நெருங்கியதே தவிர, அபூ உமைரின் விளையாட்டுக்கு நெருங்கியது அல்ல.

இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (வபாத் ஹிஜ்ரி 660) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியபோது, பயன் தராத நிலைக்கு வந்த கிழட்டுப் பிராணிக்கும் உணவளிப்பதையும், அதற்குத் தீங்கு செய்யக் கூடியவற்றோடு சேர்த்து அடைக்காமல் இருப்பதையும் அவற்றுள் எழுதியிருக்கிறார்கள். நமக்குப் பயன்படுவதால்தான் ஓர் உயிருக்கு உரிமை என்பது இல்லை என்று இதிலிருந்து விளங்குகிறது.

வலிக்குமா?

ஒரு பிறை பதினைந்தை அடுத்த நாளில் குடும்பத்தோடு மண்டபத்துக் கரையில் இருந்தபோது என் மகள் ஒரு கடற்சாமந்தியைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இதைக் குத்தினா இதுக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன். "தெரியாட்டி அப்ப குத்தலாமா?" என்று கேட்டாள். மத்ரஸாவில் பல ஆண்டுகள் ஓதியவர்களையும் சிந்திக்க வைக்கும் கேள்வி.

கடற்சாமந்திக்கு மூளை கிடையாது. உடலெங்கும் பின்னிக் கிடக்கும் நரம்பு வலைதான் உண்டு. தொட்டால் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தை நாம் அறிந்த வலி என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். ஆனால் வானங்களிலும் பூமியிலும் உள்ள ஒவ்வொரு பொருளும் அல்லாஹ்வைத் துதி செய்கிறது என்றும், அவற்றின் தஸ்பீஹை நாம் புரிந்து கொள்வதில்லை என்றும் சூரா பனீ இஸ்ராயீல் (17:44) கூறுகிறது. நமக்குப் புரியவில்லை என்பதால் தஸ்பீஹ் இல்லாமல் போய்விடவில்லை. அதுபோலவே, நமக்குக் கேட்கவில்லை என்பதால் முறையீடு இல்லை என்று முடிவு கட்டுவதும் முறையாகாது. பூமியில் ஊர்பவையும் இறகால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரா அன்ஆம் (6:38) சொல்லும்போது, வாய் பேசும் உயிர், வலி தெரியும் உயிர் என்று அது பிரிக்கவில்லை. ஐயம் உள்ள இடத்தில் பேணுதலே நம் மார்க்கத்தின் வழி. 'தெரியாது' என்பது கையை நீட்டுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல. கையை மடக்குவதற்கே அது காரணம்.

உடையவன் இல்லாத பொருள் உண்டா?

"உயிருள்ளதை வேண்டாம் என்கிறீர்கள், சரி. வெறும் சங்கு, சோழியை எடுக்கலாம் அல்லவா?" என்று அடுத்துக் கேட்பார்கள். கரையில் ஒதுங்கிய வெற்றோட்டை எடுப்பது அடிப்படையில் முபாஹ்தான். எனினும் அந்த நண்டை நினைத்துப் பாருங்கள். நாம் அலமாரியில் அழகுக்கு வைக்கப் போகும் ஓடு, நாளை அதற்கு வீடாக வேண்டிய ஓடு. ஒரு பிள்ளை ஒன்றை எடுத்தால் கடலுக்குக் குறைவில்லை. விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் பை நிறைய எடுத்தால் அந்தக் கரையில் வீடில்லாத நண்டுகள்தாம் மிஞ்சும்.

கடல் யாருக்கும் சொந்தமில்லை என்று நாம் எளிதாகச் சொல்லி விடுகிறோம். மனிதரில் உடையவர் இல்லை என்பது உண்மை. ஆனால் உடையவனே இல்லாத பொருள் என்று ஒன்று உண்டா? வானம் பூமியின் ஆட்சி யாருக்குரியதோ அவனே கடலுக்கும் உடையவன். அனைவருக்கும் பொதுவானதைத் தனக்கென்று அள்ளுபவர், மற்றவர்களின் பங்கையும் சேர்த்தே அள்ளுகிறார்.

இதற்குக் கண்கண்ட சாட்சி நம் கடலிலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. சுற்றிலும் அரணாக நின்ற பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் என்று பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததால் அலைகள் அத்தீவுகளை அரித்துக் கொண்டு போய்விட்டன. வெட்டியவர்களில் எவரும் ஒரு தீவை மூழ்கடிக்க வேண்டும் என்று எண்ணி வெட்டியிருக்க மாட்டார். ஒவ்வொருவரும் 'இந்த ஒரு கல்தானே' என்றுதான் எண்ணியிருப்பார். பவளங்களும் கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டு வரப்பட்டன. அவற்றைக் கரையிலிருந்து எடுத்துச் செல்வது சட்டப்படியும் குற்றம்.

இதே கடலில் வேறொரு காட்சியும் உண்டு. பாம்பன், இராமேசுவரம் பகுதியில் கடற்பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்றும், இரும்பால் சுரண்டாமல் கையாலேயே பறிப்பது என்றும் தங்களுக்குள் கட்டுப்பாடு செய்து கொண்டார்கள். அந்தப் பாசிதான் அவர்களின் அடுப்பு எரிய வழி. தேவை உள்ளவர்களே அளவு வைத்து எடுக்கும்போது, பொழுது போக்க வந்த நாம் அளவின்றி அள்ளலாமா?

திருப்பி வைத்தல்

ஒரு பயணத்தில் ஸஹாபாக்களில் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பிரித்து இதைத் துயரத்தில் ஆழ்த்தியவர் யார் என்று வினவி, குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. எடுத்தவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. எடுத்ததை இருந்த இடத்தில் திரும்ப வைக்கச் சொன்னார்கள். பாறைக் குழி ஓரத்தில் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத் தர வேண்டிய பாடம் இந்த ஒரு கட்டளையில் அடங்கிவிடுகிறது.

குழிக்குள் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் மேற்புறத்தில் வெளிச்சத்தை நம்பி வாழும் பாசி இருக்கிறது. அடிப்புறத்தில் வெயிலுக்கும் பறவைக்கும் அஞ்சி ஒளியும் சிறு நண்டுகளும் புழுக்களும் முட்டைகளும் இருக்கின்றன. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கல்லைப் புரட்டிவிட்டு, அப்படியே விட்டு நடந்தால், வெளிச்சம் வேண்டியது இருட்டில் மடிகிறது. இருட்டு வேண்டியது வெயிலில் மடிகிறது. மெதுவாகப் பழையபடி திருப்பி வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் பிழைக்கின்றன. பார்த்த இன்பம் நமக்கும் மிச்சம். அமானத் என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படி விளங்க வைப்பது?

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பிள்ளைகளை அங்கே கூட்டிக் கொண்டு போகவே வேண்டாம்" என்று எவரும் முடிவு செய்துவிடக் கூடாது. அது இன்னொரு தவறு. படைப்பைச் சிந்திப்பவர்களைத் திருக்குர்ஆன் (3:191) புகழ்ந்து பேசுகிறது. பார்க்காத பிள்ளைக்குச் சிந்தனை எங்கிருந்து வரும்? ஆண் பிள்ளைகளை மட்டும் குழி ஓரத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண் பிள்ளைகளை வேனுக்குள்ளேயே உட்கார வைப்பதும் நியாயமல்ல. சிந்திக்கும் கடமை இருவருக்கும் பொதுவானது.

ஆகவே அழைத்துச் செல்லுங்கள். சில ஒழுங்குகளைப் பேணுங்கள். பிறை நாளையும் வற்றும் நேரத்தையும் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் புறப்படுங்கள். ஏற்றம் தொடங்கும் முன்பே கரையேறி விடுங்கள். பூங்காவுக்குரிய தீவுகளில் அனுமதியின்றிக் கால் வைக்க வேண்டாம். பாசி படர்ந்த பாறை வழுக்கும். சிறு பிள்ளைகளின் கையை விட வேண்டாம். கூம்பு வடிவச் சங்கு கண்ணைக் கவரும் அழகுடையது. ஆனால் அந்த இனத்தில் சிலவற்றின் கொடுக்கில் ஆளைக் கொல்லும் நஞ்சு இருக்கிறது. அதைப் பிள்ளைகள் தொடவே கூடாது. பாறையில் ஒட்டியிருப்பதைப் பெயர்க்கக் கூடாது. பாட்டிலும் வாளியும் வீட்டிலேயே இருக்கட்டும். தொழுகை நேரம் வந்துவிட்டால் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. கடல்நீர் தூய்மையானது, அதில் உளூச் செய்யலாம் என்பது ஹதீஸில் தெளிவாக வந்திருக்கிறது. அந்தப் பாறை ஓரத்திலேயே ஜமாஅத்தாக அஸர் தொழுதுவிட்டு வாருங்கள்.

பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் என்றும், அதன் உள்ளம் எந்தச் சித்திரமும் பதியாத தூய மணி என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்குகிறார்கள். அந்த மணியில் முதலில் பதிவது எதுவாக இருக்க வேண்டும்? ஒரு பிள்ளை தன்னைவிட வலிமை குறைந்த ஓர் உயிரைத் தன் முழு அதிகாரத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் முதன்முதலாக நடக்கிறது. அது அழாது, திருப்பி அடிக்காது, யாரிடமும் சொல்லாது. அந்த நேரத்தில் 'எடுத்துக் கொள், யார் கேட்கப் போகிறார்கள்?' என்று பழக்கினால், அந்தப் பிள்ளை வளர்ந்து முதலாளியாகும்போது கூலி கேட்கத் தெரியாத வேலையாளிடமும், குடும்பத் தலைவனாகும்போது எதிர்த்துப் பேசாத மனைவியிடமும் அதையே செய்யும். நாளை நாமே படுக்கையில் விழுந்து வாய் பேச முடியாமல் கிடக்கும்போது நம்மைக் கவனிக்கப் போகும் கையும் அதே கைதான். கல்லைத் திருப்பி வைக்கக் கற்ற கை, நம்மையும் பக்குவமாகத் திருப்பிப் படுக்க வைக்கும்.

வாயில்லா உயிர்களின் உரிமையையும் பேணி நடக்கும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.